ஏழு கிலோ இருநூற்றுப் பத்து

சிம்ரன் மொட்டைமாடியில் குழந்தையின் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கறை போகாத இரண்டை மட்டும் தனியாக எடுத்து, வெயில் நன்றாக விழும் பக்கம் விரித்தாள். கிளிப்புகள் போதவில்லை. இரண்டு துணிகளின் ஓரத்தைச் சேர்த்து ஒரே கிளிப்பில் பிடிக்க வைக்கும்போது கைப்பிடிச் சுவர்மேல் வைத்திருந்த போன் அடித்தது. அம்சா.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அம்சா கூப்பிட்டால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். சிம்ரன் ஈரக் கையை நைட்டியில் இரண்டு தடவை துடைத்தாள். துடைத்த பிறகும் உடனே எடுக்கவில்லை.

"சொல்லுங்கக்கா."

"சிம்ரன்மா, சாப்ட்டியா?"

"கலையரசி அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"அது வந்து... அவங்க மருமவ மாசமா இருக்குதாம். கூட இருந்து பாத்துக்கணுமாம்."

"அவங்க பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலன்னு என்கிட்ட சொன்னாங்களேக்கா."

அம்சா, "அப்ப வேற ஏதோ சொன்னாங்க போல, நான் மாத்திப் புரிஞ்சுக்கினேன்" என்றாள்.

"அக்கா, திங்கக்கிழமை நான் டூட்டியில நிக்கணும்."

"தெரியுது கண்ணு. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. மூணு பேர அனுப்பினேன். மூணு பேரும் உன் வூட்டுலருந்து நேரா என்கிட்டதான் வந்தாங்க. நல்ல பொண்ணு, தங்கமான புள்ளைன்னாங்க. மறுநாள் போன் பண்ணா ஒருத்திக்கு பஸ்ஸு இல்ல, ஒருத்திக்கு புருஷன் வாணாங்கறான், இவங்களுக்கு இல்லாத மருமவ மாசமா இருக்குது. இன்னாமா பண்றீங்க உங்க வூட்டுல? பேய் கீய் காட்டுறீங்களா?"

சிம்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவள் டெக்னீஷியன். அதே மருத்துவமனையில் துப்புரவுப் பெண்களுக்கு மேஸ்திரி அம்சா. ஊரில் யார் எந்த வீட்டில் வேலைக்கு இருக்கிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சிம்ரனின் பிரசவ விடுப்பு ஆறு மாதம் முடிந்து, சம்பளமில்லாமல் இன்னொரு மாதமும் கெஞ்சி வாங்கியாகிவிட்டது. அவள் இடத்தில் இப்போது அகிலா என்று ஒரு பெண் நிற்கிறாள். சுறுசுறுப்பான பெண், நோயாளிகளுக்குப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு சிம்ரன் வராவிட்டால் அகிலாவை நிரந்தரமாகப் போட்டுவிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து மெசேஜ் வந்திருந்தது. மிரட்டலாகக்கூட இல்லை. தகவலாக இருந்தது.

ஓரிக்கையில் அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சிம்ரனின் அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. கணவன் லோகேஸ்வரன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நிற்க வேண்டும். கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று ஊருக்குள் இருந்தது. சிம்ரன் போய்ப் பார்த்தாள். ஒரே பெண், பதினோரு குழந்தைகள், ஒரு டிவி. திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டில் எப்போதும் இருப்பவர் மாமனார் பூவராகவன். அறுபத்தாறு வயது. மூன்று வருடமாகக் கை நடுக்கம். உட்கார்ந்தபடி குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார், பேசுவார், விளையாட்டுக் காட்டுவார். ஆனால் நின்றுகொண்டு தூக்க மாட்டார். யாரும் சொல்லித் தடுக்கவில்லை, தானாகவே விட்டுவிட்டார். காப்பியைக்கூட டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்வார்.

துணிகளைக் காயப்போட்டு முடித்துக் கீழே வந்தபோது குழந்தை அவர் மடியில் இருந்தது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து வாய்க்குள் விட்டு ஈறுகளால் கடித்துக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவும் வரலியாம் மாமா."

"யாரு, கலையரசியா?" அவர் முகம் உண்மையாகவே வாடியது. "அடப்பாவமே. நல்ல பொம்பள ஆச்சே. ஏனாம்?"

"ஏதோ சொல்றாங்க."

"மூணு பேரும் நல்லவங்கதாம்மா. நானும் பாத்துக்கினுதானே இருந்தேன். ஏன் வரலன்னுதான் புரியல."

சிம்ரனுக்கும் புரியவில்லை. ஆள் வருவதற்கு முதல் நாளே என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள்வாள். வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைப்பாள். முதலில் வந்தவர் திருப்புட்குழிக்காரர். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும் என்று அவரே செய்து காட்டினார். இரண்டாவது வந்த பெண் குழந்தையை வாங்கியதும் அது சிரித்தது. மூன்றாவது கலையரசி. நாற்பத்தெட்டு வயதிருக்கும். ஒரே வீட்டில் இரட்டைக் குழந்தைகளை ஒன்பது வருடம் வளர்த்தவள். சிம்ரன் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "புள்ள எந்தப் பக்கமா சாஞ்சு தூங்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். வேறு யாரும் அப்படிக் கேட்கவில்லை. இவர்தான் என்று சிம்ரன் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். "திங்கக்கிழமை ஆறரைக்கெல்லாம் வந்துடறேன்" என்று கலையரசியும் சொன்னாள்.

மூன்று பேருக்குமே பேச்சு முடிந்த பிறகுதான் சிம்ரன் காப்பி போட்டு எடுத்து வந்தாள். அங்கேதான் ஏதோ நடந்தது என்று சிம்ரனுக்கு இப்போது தோன்றியது. முதல் இரண்டு பேரும் காப்பியைத் தொடவில்லை. "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்" என்று எழுந்துவிட்டார்கள். கலையரசி பாதி குடித்தாள், குழந்தையை மறுபடி வாங்கவில்லை.

குடிக்காத காப்பியைத் தொட்டியில் கொட்டிய ஒவ்வொரு தடவையும் சிம்ரனுக்குப் பழைய வீடுகள் ஞாபகம் வந்தன. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவள் அம்மா வேலை பார்த்த வீடுகளில் அம்மாவின் டம்ளர் கொல்லைப் பக்கத்து மாடத்தில் இருக்கும். இப்போது தன் வீட்டுக்கு, தன் சம்பளத்தில் வேலைக்கு வருகிறவர்கள் தன் கையால் காப்பி குடிக்க மாட்டார்களா? இதை லோகேஸ்வரனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"நீ ரொம்ப கேள்வி கேக்கற சிம்மு. ஆள் எடுக்கற மாதிரியா இருக்குது? ஸ்டேஷன்ல விசாரிக்கற மாதிரி இருக்குது."

"புள்ளைய குடுக்கறேன். கேக்காம குடுக்கணுமா?"

"கேளு. பத்து கேள்வி கேளு. இருபது கேக்கற. காது குத்தின எடத்துல புண்ணு வந்தா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டியாமே. பாப்பாக்கு இன்னும் காதே குத்தல."

"அது யாரு சொன்னது உங்களுக்கு?"

"அப்பாதான் சொன்னாரு."

"அப்ப எல்லாம் நான் பண்றதுதான். சரி. திங்கக்கிழமை நீங்க லீவு போடுங்க."

"லீவா? புது லைன் ஆரம்பிக்கறான்மா. இப்ப லீவு கேட்டா வூட்டுலயே இருந்துக்கோன்னு சொல்லுவான்."

"எனக்கு மட்டும் மாலை போட்டுக் கூப்புடறாங்களா?"

பூவராகவன் எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அது அவர்கள் வீட்டில் சண்டை முடியும் முறை.

சனிக்கிழமை காலை லோகேஸ்வரனிடம் குழந்தையை விட்டுவிட்டு சிம்ரன் ஸ்கூட்டியை எடுத்தாள். அம்சாவிடம் கெஞ்சி விலாசம் வாங்கியிருந்தாள். பிள்ளையார்பாளையத்தில் கலையரசியின் வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. மூன்று தெருக்களில் ஒரே மாதிரிப் பச்சைக் கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தறி ஓடும் சத்தம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்பது? நாங்கள் யார் என்பதாலா என்று நேராகக் கேட்டுவிடலாமா? ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வது?

கலையரசி வாசலையொட்டிய அறையில் ராட்டையின் முன் உட்கார்ந்து, ஊடையாகக் குறுக்கே ஓடும் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் பையன் தறியில் இருந்தான். சிம்ரனைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்தினாள். முகத்தில் அகப்பட்டுக்கொண்ட பாவனை.

"வாம்மா. உக்காரு. புள்ள எங்க?"

"அவரு பாத்துக்கறாரு. அக்கா, உங்களைத் தொந்தரவு பண்ண வரல. ஏன்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு அடுத்த ஆள்கிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியல."

"அதான் அம்சாகிட்ட சொன்னேனே."

"மருமக மாசமா இருக்காங்கன்னு சொன்னீங்களாம்."

உள்ளேயிருந்து பையன் குரல் வந்தது. "யாருக்கும்மா கல்யாணம் ஆயிடுச்சு?"

"நீ வேலைய பாருடா." கலையரசி தலையைக் குனிந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் வேறாக இருந்தது. "பொய்யி சொன்னது தப்புதான். இன்னா சொல்றதுன்னு தெரியல. நீ நல்ல பொண்ணு."

சிம்ரன் தரையில் உட்கார்ந்தாள். "நாங்க எந்தத் தெருன்னு கேட்டுட்டு வேணாம்னுட்டீங்களாக்கா?"

கலையரசி ராட்டையைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "மத்த ரெண்டு பேரு எதுக்கு வரலன்னு எனக்குத் தெரியாதும்மா. அவங்க மனசுல போயி நான் பாக்க முடியாது. எனக்கு அது இல்ல. உன் வூட்டுல பாதி காப்பி குடிச்சேனா இல்லியா?"

"பாதிதான் குடிச்சீங்க."

"மீதி எறங்கல." நூல் சுற்றியிருந்த குழலை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "உங்க மாமனாரு புள்ளைய நிறுத்துக் குடுத்தாரும்மா."

சிம்ரனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ காப்பி போட உள்ள போனியா? அவரு டிவிக்குக் கீழருந்து ஒரு தராச இழுத்தாரு. காய்கறிக் கடையில வெச்சிருப்பாங்களே, மேல எவர்சில்வர் தட்டோட, அது. துண்ட மடிச்சுப் போட்டு ஜீரோ பண்ணாரு. புள்ளைக்கு சொக்காய கழட்டி, தூக்கி இதுல வைம்மான்னாரு. நானும் எதுக்கோன்னு வெச்சேன். ஏழு கிலோ இருநூத்திப் பத்து, நல்லா பாத்துக்கமா, நீயும் ஒரு தபா சொல்லுன்னாரு. சொன்னேன்."

"சொன்னீங்களா?"

"வாய் தானா சொல்லிச்சு. எங்கப்பா சொல்லுவாரு, நெசவாளர் சொசைட்டி ஜன்னல்கிட்ட நின்னுக்கினு. பட்டு இத்தன, ஜரிகை இத்தன. நிறுக்கறவன் சொல்றத இவரு ஒரு தபா திருப்பிச் சொல்லணும். அதே மாதிரி சொல்லிட்டேன். 'சாயங்காலம் நீ போவசொல்ல ஒருக்கா பாத்துடலாம்'னாரு பாரு, அப்பதான் எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

தறிச் சத்தம் நின்றிருந்தது. பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா நெய்த சேலை ஒண்ணு முப்பது கிராம் கொறஞ்சுது. ஒரே தபா. நூல ஈரத்துல நிறுத்துக் குடுத்தானுங்க, கோடையில நெய்தா காயாதா? முப்பது கிராம் ஜரிகைய வித்துட்டாருன்னு பேச்சு. ஒருத்தரும் நேரா கேக்கல. அதுக்கப்பறம் அவருக்கு மட்டும் ரெண்டு தபா நிறுப்பாங்க. சாவற வரைக்கும் ரெண்டு தபா. அங்கியாவது கழிவுன்னு பத்து கிராம் வுடுவாங்க. புள்ளைக்கு இன்னாம்மா கழிவு? வயித்தால போனா கால் கிலோ போயிடும். அன்னிக்கு நான் எங்க போயி நிக்கறது?"

அந்தத் தராசு சிம்ரனுக்குத் தெரியாததல்ல. நான்கு மாதமாகத் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டித் தட்டில் வைப்பவளே அவள்தான். அவள் வேலையிலும் அதுதான் முதல் வேலை. டயாலிசிஸுக்கு வருகிறவரை மெஷினில் படுக்க வைக்கும் முன் ஒரு எடை, எழுந்ததும் ஒரு எடை. எவ்வளவு நீர் எடுத்தோம் என்று அதில்தான் தெரியும். எடை போடுவதில் யாருக்காவது வலிக்கும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. வந்தவர்களுக்கும் மாமனார் எடை போட்டுக் காட்டுகிறார் என்பதுதான் தெரியாது. அந்த நேரத்தில் அவள் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, அவரு சந்தேகப்பட்டுப் பண்ணல."

"சொசைட்டிக்காரனும் அதான் சொன்னான்."

"நான் அந்தத் தராச எடுத்து ஒளிச்சு வெச்சுடறேன்."

"ஒளிச்சு வெச்சுட்டு நீ டூட்டிக்குப் பூடுவ. நாள் பூரா அவருகூட வூட்டுல இருக்கப்போறது நானு. தராசு அவரு கண்ணுல இருந்தா நான் எங்க ஒளிச்சு வெக்கிறது?"

திங்கட்கிழமைக்கு இடையில் ஞாயிறு ஒரே ஒரு நாள். சிம்ரன் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவள் கண்ணை கலையரசி பார்த்திருக்க வேண்டும்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஒருக்கா வரேன்" என்றாள். "உனக்காகத்தான். உங்க மாமனாரு தராசு கிராசு எடுக்காம புள்ளைய என் கையில குடுத்தாருன்னா திங்கக்கிழமை வரேன். எடுத்தாருன்னா எனக்குக் காப்பி போடாத, அப்படியே போயிடறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் சிம்ரன் லோகேஸ்வரனை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவன் சிரித்துவிடுவான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க அவர்கிட்ட."

"நான் சொல்ல மாட்டேன்."

"உங்க அப்பாதானே?"

"அதனாலதான்."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அவன் சொன்னது, கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் கேட்காத கதை. ஒரு பட்டு சொசைட்டியில் பெருக்கித் தண்ணீர் வைக்கும் வேலைக்கு அப்பா சேர்ந்ததும், பிறகு பட்டு நிறுத்துக் கொடுக்கும் இடத்துக்கு உயர்ந்ததும் அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கிராம் பேச்சு வராதவர் என்பது இந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்படும் பெருமை. தொண்ணூற்றொன்பதில் நடந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொசைட்டியில் ஒரு கட்டு ஜரிகையைக் காணோம். ஸ்டோரில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். நான்கு பேரை அங்கேயே விசாரித்தார்கள். அப்பாவின் வீட்டுக்கு மட்டும் ஆள் வந்தது.

"எனக்கு ஆறு வயசு. அரிசிப் பானைய கவுத்தாங்க. அம்மாவோட டிரங்குப் பெட்டியில இருந்த துணிய ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் போட்டாங்க, தெருவே நின்னு பாக்குது. 'உன் நல்லதுக்குத்தான் பூவராகவா, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா உனக்குத்தானே நல்லது'ன்னு ஒருத்தரு சொல்லிக்கினே இருந்தாரு. நாலு நாள் கழிச்சு அலமாரிக்குப் பின்னாடி வுழுந்து கெடந்துதாம். மன்னிப்பெல்லாம் யாரும் கேக்கல. வேலைக்கு வான்னாங்க. போனாரு."

"அதுக்கப்பறம்தானா இது?"

"அதுக்கப்பறம்தான் எதை எடுத்தாலும் ஆளை வெச்சுக்கினு நிறுப்பாரு. வாங்கறவன் வாயால சொல்ல வெப்பாரு. அந்தத் தராசுதான்மா அவர காப்பாத்தினது. அத போயி தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? நீ வேணா சொல்லு. நீ சொன்னா கேட்டாலும் கேப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லோகேஸ்வரன் பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். பால் ஏற்கெனவே இருந்தது. சிம்ரன் கூடத்துக்கு வந்தாள். பூவராகவன் பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் புதிதாக விபூதி. குழந்தை மடியில். கடிகாரம் மூன்று இருபது காட்டியது.

"மாமா, கலையரசி அக்கா நாலு மணிக்கு வராங்க."

"சொன்னியே. வரட்டும். புள்ளைய கையில வாங்கறதுலயே தெரியுதும்மா, வேல தெரிஞ்சவ. இந்தத் தபா வுட்றாத."

"அவங்க வரும்போது பாப்பாவ எடை போட வேணாம்."

"ஏன், தராசுல ஏதாவது கோளாறா?"

"தராசுல இல்ல மாமா." அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கலையரசி சொன்னதை முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். முப்பது கிராமை, இரண்டு தடவை நிறுத்ததை. மற்ற இரண்டு பேரும் காப்பியைத் தொடாமல் போனதை.

அவர் கேட்டுக்கொண்டே குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. புரியாமல் பார்த்தார்.

"அது அவங்களுக்குத்தாம்மா காப்பு. எனக்கு எதுக்கு? நாளைக்கே புள்ள எளச்சுப்போச்சுன்னு எவனாவது ஒரு வார்த்தை வுட்டா, அந்தம்மா தைரியமா சொல்லலாம் இல்ல? நிறுத்துத்தான் குடுத்தீங்க, நான் நிறுத்துத்தான் திருப்பிக் குடுத்தேன்னு. பேச்சு எழும்புமா? முப்பத்தோரு வருஷம். எம் மேல ஒரு பேச்சு எழும்பிச்சா?"

"நம்ம வீட்ல யாரு மாமா அப்படிச் சொல்லப்போறா?"

"யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. சொல்ற வரைக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க."

தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்ற சத்தம். சிம்ரன் கழுத்தை நீட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர் வீட்டுக்கு. மூன்று முப்பத்தைந்து. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நோயாளியின் கையில் அகிலா ஊசி ஏற்றுவது அவள் கண்முன் ஓடியது. பேசக்கூடாது என்று நினைத்து வைத்திருந்ததைப் பேசிவிட்டாள்.

"தொண்ணூத்தொம்பதுல வீட்டுக்கு வந்தவங்களும் உங்க நல்லதுக்குன்னுதானே மாமா சொன்னாங்க?"

குழந்தையின் காலைத் தடவிய கை நின்றது. நின்றதும் நடுக்கம் அதிகமாகத் தெரிந்தது. குழந்தை அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"லோகேசு சொன்னானா?"

"ஆமா."

"அவனுக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது மாமா."

அவனுக்கு அதெல்லாம் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்திருக்கிறார். அது அவர் முகத்தில் தெரிந்தது. சிம்ரன் வேறு பக்கம் பார்த்தாள். எழுந்துபோய் அவர் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாமென்று இருந்தது. ஆனால் கேட்டுவிட்டால் இன்றைக்குப் பேச வேண்டியதை இனி பேச முடியாது.

"அத்தை துணிய எடுத்து வெளிய போட்டப்ப அவங்களுக்கு எப்படி இருந்துதோ, அப்படித்தான் அந்தக்காவுக்கு இருந்துருக்குது. நீங்க அதுக்குப் பண்ணல. எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு அப்படித்தான் இருந்துருக்குது."

பூவராகவன் குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஏதோ எண்ணுவதுபோல் அசைந்தது.

வெளியே கேட்டின் தாழ்ப்பாளை யாரோ தூக்கினார்கள். கலையரசிதான். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "சிம்ரன்மா" என்று குரல் வந்தது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்துவிட்டாள்.

"தோ வரேங்க்கா" என்று குரல் கொடுத்துவிட்டு சிம்ரன் அவர் பக்கம் நகர்ந்தாள். குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது. "மாமா, தராசு வேணாம். நீங்களே பாப்பாவ தூக்கி அவங்க கையில குடுப்பீங்களா?"

அவர் தன் விரலைக் குழந்தையின் பிடியிலிருந்து மெல்ல விடுவித்தார். குழந்தை விடவில்லை, இன்னொரு கையால் விரலைப் பிடித்தது. அதையும் விடுவித்தார். பிறகு குழந்தையை இரண்டு கையாலும் சேர்த்து சிம்ரனின் மடியில் வைத்தார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டிவிக்குக் கீழே இருந்த தராசைத் தொடாமல், உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு போனார்.